உப்பில்லாக் கஞ்சி

கஞ்சியில் உப்பில்லை.

முதல் மிடறிலேயே வெள்ளையம்மாளுக்கு அது தெரிந்துவிட்டது. ஆனால் சுற்றி உட்கார்ந்திருந்த இருபது பெண்களில் ஒருத்திகூட முகம் சுளிக்கவில்லை. பனையோலைப் பட்டையை இரு கையாலும் ஏந்திக் குடித்தார்கள், குடித்தபடியே அழுதார்கள்.

மருங்காபுரிக்கு வெளியே, திருச்சி சாலையை ஒட்டிய பொட்டல். வீடுவீடாகப் போய் வாங்கிவந்த கஞ்சியெல்லாம், கேழ்வரகும் கம்பும் வரகுமாக, ஒரே பானையில் கலந்து கிடந்தது. அதற்கு இன்ன நிறம் என்று சொல்ல வழியில்லை.

ஊரில் உப்பும் தீர்ந்துவிட்டது என்று அவள் முடிவு செய்தாள். இரண்டு வருடம் மழை பொய்த்த ஊரில் எதுவும் தீரக்கூடியதே.

போன மாதம் திருச்சி காந்தி மார்க்கெட்டில் வாங்கிய கல்லுப்பில் ஒரு கைப்பிடி அவள் மடியில் இருந்தது. அவிழ்த்து நீட்டினாள்.

நாத்தனார் காளியாயி அந்தக் கையைத் தட்டிவிட்டாள். "உப்ப உள்ள வைடி, ரங்கூன்காரி! காரியத்தக் கெடுத்துராத."

என்ன காரியம் என்று கேட்க வெள்ளையம்மாளுக்குத் துணிவில்லை. கேட்டால் சிரிப்பார்கள். வந்து எட்டு மாதம் ஆகியும், கேட்டவற்றுக்கெல்லாம் சிரிப்புத்தான் விடையாகக் கிடைத்திருக்கிறது.

அவள் பிறந்தது ரங்கூனில். அங்கே ஆறு மாதம் மழை பெய்யும். அதைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். தெருவோரத்தில் குடை பிடித்துக்கொண்டே, மீன்சாறு ஊற்றிய மொய்ங்காவை ஆவி பறக்கத் தின்பார்கள். இங்கே மழையே கிடையாது. மழையைத் தவிர வேறு பேச்சும் கிடையாது.

ஆனால் இந்த அழுகை அவளுக்குத் தெரியும்.

"போறோமே, போறோமே, பரதேசம் போறோமே" என்று மதியம் இவர்கள் தெருவில் வந்தபோதே ஊரே கிளம்பிவிட்டது என்று எண்ணினாள். போன வருடம் ரங்கூனில், தமிழர்களை நாட்டைவிட்டுப் போகச் சொன்னபோது, அவள் தெருப் பெண்கள் இப்படித்தான் அழுதார்கள். மூன்றாம் நாள் தெருவில் ஆளில்லை.

இங்கே ஆண்கள் மட்டும் வேப்பமரத்தடியில் பீடி குடித்துக்கொண்டிருந்தது ஏன் என்று விளங்கவில்லை. பிறகு விளங்கியது. அங்கேயும் ஆண்கள் பின்னால் வருவதாகத்தான் சொன்னார்கள். அவள் புருஷன் சின்னையன் அப்படிச் சொல்லித்தான் அவளைக் கப்பலேற்றினான். இன்னும் வரவில்லை, கடிதம்தான் வந்தது.

'மருங்காபுரியை விட்டு நகராதே. கரையிறங்கினால் எனக்குத் தெரிந்த விலாசம் அது ஒன்றுதான்.'

ஆகவே மதியம் மூட்டை கட்டுவதற்கு முன்பு, வாசற்சுவரில் கரியால் எழுதியிருந்தாள்: 'ஊரே போகிறது. நானும் இவர்களோடு போகிறேன். எந்த ஊருக்கு என்று தெரியவில்லை.' இரண்டு முறை படித்துப் பார்த்தாள். எழுத்தில் பிழையில்லை. ஆனால் இதை வைத்துக்கொண்டு யாரும் யாரையும் கண்டுபிடிக்க முடியாது.

கஞ்சி தீர்ந்தது. பெண்கள் எழுந்து, மாரில் அடித்துக்கொண்டு எல்லைக்கல்லை நோக்கி நடந்தார்கள். வெள்ளையம்மாள் சாலையோரம் வைத்திருந்த மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் முன்னால் நடந்தாள். பார்த்தால் நின்றுவிடுவோம் என்று பயந்தாள்.

அப்போதுதான் மேற்கே செம்மண் நிறத்தில் ஒரு சுவர் எழுந்தது.

ரங்கூன் மழை நாள்கணக்கில் சொல்லிக்கொண்டு வரும். இது சொல்லாமல் வந்தது. காற்று கஞ்சிப்பானையை உருட்டியது. காய்ந்த பனைமட்டை ஒன்றைப் பிடுங்கிச் சாலையின் குறுக்கே எறிந்தது. கண்ணில் மண். இடி. புளியங்கொட்டை பருமனில் துளிகள் அடித்தன.

பின்னால் அழுகை நின்றது. யாரோ ஒருத்தி குலவையிட்டாள்.

வெள்ளையம்மாள் திரும்பிப் பார்த்தாள். பெண்களெல்லாம் சிரித்துக்கொண்டு ஊருக்குள் ஓடிக்கொண்டிருந்தார்கள். எல்லைக்கல்லுக்கு அப்பால், இருபதடி தள்ளி, அவள் ஒருத்திதான் நின்றாள்.

மழை வந்ததற்காக யாராவது பயணத்தை நிறுத்துவார்களா? அவள் கப்பல் ஏறியதே கொட்டும் மழையில்தான்.

காளியாயி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடிவந்தாள். "ஏண்டி, எங்க நடக்குற?"

"திருச்சிக்குத்தானே, அக்கா? அங்கேருந்து ரயிலு..."

காளியாயி மூட்டையைத் தொட்டாள். சேலை, தட்டு, சோற்றுப்பானை.

"அடி கிறுக்கே! இது மழைக்கஞ்சிடி. உப்பில்லாமக் குடிச்சு, ஊர விட்டுப் போறோம்னு அழுதா வானம் மனசு எளகும். அழுதுட்டு வீட்டப் பாக்கப் போயிருவோம். எங்க ஆத்தா காலத்துலேருந்து இந்தக் கல்லத் தாண்டி ஒருத்தியும் போனதில்ல."

சிரிக்கத்தான் காளியாயி வாயைத் திறந்தாள். சிரிப்பு வரவில்லை. வானத்தைப் பார்த்தாள், மறுபடி மூட்டையைப் பார்த்தாள்.

"போன வருசம் நீ வர்றதுக்கு முந்தி மூணு தடவ அழுதோம். ஒரு பொட்டு விழல. ஒருத்தி நெசமாவே கெளம்பினாத்தான் அதுக்குக் கேக்குது போல."

மூட்டையைத் தன் தலைக்கு மாற்றிக்கொண்டு காளியாயி ஊரை நோக்கி நடந்தாள். வெள்ளையம்மாள் பின்னால் போனாள்.

வீட்டு வாசலில் கரியெழுத்து கரைந்து, கறுத்த நீராகப் படியில் இறங்கிக்கொண்டிருந்தது. ஓரெழுத்தும் மிஞ்சவில்லை.

காளியாயிக்குப் படிக்கத் தெரியாது. "செவுத்துல என்னடி கிறுக்கி வச்சிருந்த?"

"விலாசம், அக்கா. உங்க தம்பிக்கு."

"நல்லாருக்கு" என்றாள் காளியாயி, மூட்டையை உள்ளே இறக்கிவைத்தபடி. "அவன் பொறந்த வீட்டுக்கு அவனுக்கே விலாசமா?"