ஆல்டோவுக்கு அடுத்த இடம்

அந்தக் கீழ் சுரம் வரவில்லை.

வாயைத் திறந்தார். நெஞ்சை நிமிர்த்தினார். காற்று வந்தது, குரலைக் காணோம்.

பக்கத்தில் நின்று கீழ்க்குரலில் பாடும் மற்ற இரண்டு பேஸ்காரர்களும் அவரை நம்பியே பாடிப் பழகியவர்கள். அவர் நின்றதும் அவர்களும் நின்றார்கள். கிறிஸ்மஸ் பாட்டு ஒத்திகையில் கடைசி ஆமென், அடி கழன்ற குடம் போலத் தொங்கியது.

"திரும்பவும்" என்றார் பாட்டு மாஸ்டர் மாசிலாமணி.

திரும்பவும் வரவில்லை.

பாளையங்கோட்டையில் அந்தச் சபைக் கோயிலின் பாடகர் குழுவில் பேஸ் என்றால் அவர்தான். அவர் ஆமென் சொன்னால் ஜன்னல் கண்ணாடி அதிரும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. ஜன்னல் பழசு என்பது அவருக்குத் தெரியும். யாரிடமும் சொன்னதில்லை.

கொஞ்ச நாளாகவே குரல் கீழே இறங்க அடம்பிடித்ததால், போன வாரம்தான் மனைவி சுகிர்தாவுக்குத் தெரியாமல் ஓர் ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் சோதித்துப் பார்த்துவிட்டு வந்திருந்தார்.

"ஒங்களுக்கு ஒரு நோயும் இல்ல சார்" என்று டாக்டரம்மா சிரித்தார். "ஆம்பிளைங்களுக்கு வயசாக ஆக அந்த ஆம்பிளை ஹார்மோன் கொஞ்சங் கொஞ்சமா எறங்கத்தான் செய்யும். நல்லா இருக்கவங்களுக்கும் அப்படித்தான். கொரல் லேசா மேல ஏறுனா அதுலயும் இதுக்குப் பங்கு இருக்கலாம்."

நோய் என்றாலாவது மாத்திரை இருக்கும். ஆரோக்கியத்துக்கு எங்கே போய் மருந்து கேட்பது?

அவருக்குப் பயமாக இருந்தது. பண்டிகையன்று கீழே பெஞ்சில் உட்கார்ந்து, மற்றவர்கள் பாடுவதைக் கேட்பதா?

எல்லோரும் டீ குடிக்கப் போனார்கள். அவர் மட்டும் மாஸ்டரிடம் போனார். மாஸ்டர் விலக்கும் முன் தாமே சொல்லிவிடுவது மரியாதை.

ஆனால் அந்த வார்த்தையைக் கோயிலுக்குள் எப்படிச் சொல்வது? சுற்றுமுற்றும் பார்த்தார். குனிந்தார். காதோடு கிசுகிசுத்தார்.

"மாஸ்டர், ஹார்மோன் கொறஞ்சுட்டு."

ஆர்கன் பக்கத்திலேயே உட்கார்ந்து உட்கார்ந்து மாஸ்டரின் காது பாதி ஆர்கனுக்கே போய்விட்டிருந்தது.

"ஹார்மனிதான? எனக்கும் தெரியிது வே!" என்று மாஸ்டர் கோயில் முழுக்கக் கேட்கச் சத்தம் போட்டார். "டெனர்ல ஆளே இல்ல, பெறவு நாலு கொரலும் சேந்து வர்ற ஹார்மனி கொறையாம என்ன செய்யும்? நீரே அங்க போயி நில்லும்."

திருத்த வாய் திறந்தார். மூடிக்கொண்டார். சில தவறுகளைத் திருத்தக் கூடாது.

டெனர் என்றால் பேஸுக்கு மேலே பாடும் ஆண் குரல். அதற்கு இடம் முன்வரிசையில், தாழ்ந்த பெண் குரலில் பாடும் ஆல்டோ பெண்களை ஒட்டி. ஆல்டோவில் கடைசி ஆள் சுகிர்தா.

அவள் ஒரு பார்வை பார்த்தாள். அவர் புத்தகத்தைப் பார்த்தார்.

பாட்டு ஆரம்பித்தது.

காதுக்குப் பக்கத்தில் ஒரு குரல்.

யாருடையது?

அடுப்படியில் அவள் முணுமுணுப்பது எல்லோரும் பாடுகிற மெட்டைத்தான். ஆல்டோவைத் தனியாகப் பாடினால் பாட்டு மாதிரியே இருக்காது. கோயிலிலோ அவர் நின்றது ஆர்கனுக்குப் பின்னால். அங்கே ஆர்கனும் பேஸ் குரல்களும் தவிர வேறெதுவும் அவருக்குக் கேட்டதில்லை.

இத்தனை வருஷமாக இவள் இதையா பாடிக்கொண்டிருந்தாள்?

மேலே பறக்கவுமில்லை, கீழே இறங்கவுமில்லை. நடுவில் நின்று எல்லாக் குரலையும் சேர்த்துப் பிடித்திருந்தாள். அவருக்கு உடம்பு சிலிர்த்தது. கல்யாணப் பெண்ணை அன்றுதான் பார்ப்பது போல வெட்கமாகவும் இருந்தது.

டெனர் வரி வந்தது. போயும்விட்டது.

விலாவில் ஒரு முழங்கை இடித்தது.

"ஏங்க, ஒங்க லைன் போயிட்டு. எங்க பாத்துட்டு நிக்கிறீய?"

மாஸ்டர் கோலைத் தட்டினார். பேஸ்காரர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

"மொதல்ல இருந்து."

இந்தத் தடவை பாடினார். குரல் எங்கும் முட்டவில்லை. ஏறச் சொன்ன இடத்தில் ஏறியது, நிற்கச் சொன்ன இடத்தில் நின்றது. சுகிர்தாவின் குரலுக்குப் பக்கத்திலேயே, உரசாமல், கடைசி ஆமென் வரை கூடவே போனது.

"ஜோர்!" என்று மாஸ்டர் புத்தகத்தை மூடினார். எல்லோரும் செருப்பைத் தேடக் கிளம்பினார்கள்.

"மாஸ்டர்" என்றார் அவர். "ரெண்டாவது பக்கத்துல எனக்குத்தான் தடுமாறிட்டு. இன்னொரு வாட்டி பாடிருவமா?"

எல்லோரும் அலுத்துக்கொண்டே திரும்பி வந்தார்கள்.

எங்கேயும் தடுமாறவில்லை என்பது சுகிர்தாவுக்கு மட்டும் தெரியும். அவள் புத்தகத்தைத் திரும்ப விரித்தாள். கொஞ்சம் நெருங்கி நின்றுகொண்டாள்.