ஏழாவது விதி

“பதினஞ்சு வருஷ உறுப்பினர் அட்டை, நானூறு பேர் கையெழுத்து. எதுல குறை, மேடம்?” எலிகியோ மேசையைத் தட்டிக் கேட்டார்.

அசுவா நகரக் கட்சி அலுவலகம். மேயர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் உட்கட்சித் தேர்தலுக்கு மனுப் போட அன்றே கடைசி நாள். வெளியே அவருடைய ஆட்கள் மேளத்தோடு காத்திருந்தார்கள்.

தேர்தல் குழுத் தலைவி யுதெர்கா மனுவைத் திருப்பி நீட்டினார். “ஏழாவது விதிப்படி நீங்க நிக்க முடியாது, ஐயா.”

“அதை மட்டும் கொஞ்சம் கண்டுக்காம விடக் கூடாதா?”

“கொண்டுவந்ததே நான்தான். ரெண்டுக்கு ரெண்டுன்னு நின்னப்ப, என் ஓட்டுலதான் நிறைவேறிச்சு.”

“மூணு தடவை தோத்தவன். இந்தத் தடவை ஜெயிச்சிருப்பேன், மேடம்!”

“தெரியும், ஐயா. அடுத்தவர் வாங்க.”

எலிகியோ வெளியே வந்ததும் மேளக்காரன் பிளினியோ ஓடி வந்தான். “என்னண்ணே ஆச்சு?”

“தள்ளிட்டாங்கடா. குழுவுல இருக்கறவங்களோட ரத்த சொந்தம் நிக்கக் கூடாதுங்கற விதியை எனக்கும் தளர்த்த மாட்டாங்களாம்.”

“அநியாயம்! பெத்த பொண்ணே இப்படிப் பண்ணலாமாண்ணே?”

எலிகியோ ஜன்னல் வழியே உள்ளே பார்த்தார். யுதெர்கா அடுத்த மனுவில் தலை கவிழ்ந்திருந்தாள்.

“ஒரு தடவையாவது அப்பான்னு கூப்பிட்டுருவாளோன்னு பாத்தேன். கடைசி வரைக்கும் கூப்பிடலையேடா!” மீசையை முறுக்கிக்கொண்டார். “இப்படி ஒருத்தியைக் கட்சிக்குக் குடுத்தவன்டா நான். அடி மேளத்தை!”