கை நனைக்காத காபி

2024 ஜூன் 16, ஞாயிற்றுக்கிழமை. வானில் மேகம் திரண்டிருந்தும் மழையில்லை; கடும் புழுக்கம்.

உத்திரமேரூரில் என் தங்கை சொக்கம்மாளின் வீட்டுக் கூடத்தில், அவள் மகள் பூஜாவைத் தம் மகனுக்குப் பெண் பார்க்க வந்துள்ள தாண்டவராயன், முன்னே வைத்த காபியைத் தொடாமல் அமர்ந்திருக்கிறார். பெண் பிடிக்காவிடில் அவ்வீட்டில் கை நனைப்பதில்லை என்பது எங்கள் வழக்கம். அவருடைய கால் ஓயாது ஆடுகின்றது. விரல்கள் நெற்றியைத் தேய்க்கின்றன. காபியின் மீது ஆடை படிகின்றது. கதவோரம் நிற்கும் பூஜா வளையலை உருட்டிக்கொண்டே இருக்கிறாள். "இன்னாண்ணே, எங்க வூட்ல கை நனைக்க மனசு வரலியா?" என்று சொக்கம்மாள் கேட்டேவிடுகிறாள். "ஐயோ, அதில்லம்மா! நெஞ்சு படபடப்புக்கு டாக்டரு காபிய நிறுத்தச் சொல்லிட்டாரு. தல வெடிச்சிக்கினு கீது," என்கிறார் அவர். "வூட்லயும் எல்லார் மேலயும் எரிஞ்சி வுழுந்துக்கினுதான் கீறாரு," என்று அவர் மனைவி நகைக்கிறார். ஆயினும் சொக்கம்மாளின் முகம் தெளியவில்லை. முன்பு வந்தோரும் ஏதேனும் ஒரு சாக்குச் சொல்லிச் சென்றவர்களே. அம்முகத்தைக் கண்ட தாண்டவராயன் கதவோரம் திரும்புகிறார். "ஏம்மா பூஜா, மோர் கீதா? சொம்போட எடுத்தாம்மா." அவர் அண்ணாந்து குடிக்கையில் தொண்டை ஏறி இறங்குவதை வீடே பார்த்துக்கொண்டிருக்கிறது. வெறுஞ்சொம்பு தரையைத் தொடும்போது மாலை மணி நான்கு பன்னிரண்டு.