பேரைச் சொன்ன பிறகு

"இந்த ஒரு வரியை அழிச்சுடு, ஆபிதா. இல்லேன்னா சர்டிபிகேட்ல நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

செம்பூர் கம்ப்யூட்டர் கிளாஸில் பஞ்சாபகேசன் சார் இவ்வளவு கடுமையாகப் பேசி யாரும் கேட்டதில்லை. அதுவும் பத்து நிமிஷம் முன்னால்வரை மெச்சிக்கொண்டிருந்த ஆபிதாவிடம்.

தாதரில் அவளுக்கு ஒரு வேலை காத்திருந்தது. ஒன்றாம் தேதி சர்டிபிகேட்டோடு போய் நிற்க வேண்டும்.

படிப்பு முடிகிறபோது ஆளுக்கொரு கதை எழுதிக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். கதை நடுவில் கேள்வி கேட்கும். நாம் டைப் அடிக்கிற பதிலுக்குத் தக்கபடி அடுத்த வரி வரும்.

ஆபிதாவின் கதையில் ஒருவர் வாடகைக்கு ரூம் தேடி வருகிறார். வீட்டுக்காரர் பேர் கேட்கிறார்.

முதலில், கூடப் படிக்கிற நம்பிராஜன் தன் பேரை அடித்தான்.

'வாங்க, உட்காருங்க. காபி சாப்பிடறீங்களா?' என்றது திரை.

"எங்க வீட்டுலகூட எனக்கு இந்த மரியாதை கெடையாதுல," என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

"அச்சா. பேரைப் பார்த்து வரியை மாத்தறதுக்குத் தனியா ஒரு துண்டு புரோகிராமே எழுதியிருக்கா. நான் சொல்லிக்கூடத் தரலை," என்றார் சார்.

அடுத்து சலாவுதீன் தன் பேரை அடித்தான்.

'ரூம் நேத்தே போயிடுத்து. போர்டை எடுக்க மறந்துட்டோம்.'

யாரும் சிரிக்கவில்லை. சாரின் முகம் சிவந்தது. அப்போதுதான் அழிக்கச் சொன்னார்.

"படிக்கற இடத்துல எதுக்கும்மா இந்த விஷம்? பதினெட்டு வருஷமா செம்பூர்ல இருக்கேன். பேரைப் பார்த்து யாரும் இங்கே ரூம் கொடுக்கறதில்லை."

"கொடுக்காம இருக்கதுக்குத்தான் பாக்காவ, சார்," என்றான் சலாவுதீன்.

"நீ சும்மா இரு. ஆபிதா, என்ன சொல்றே?"

"அழிக்க மாட்டேன், சார்."

"வேலை போயிடும், தெரியுமில்லையா?"

"தெரியும் சார். நீங்க ஒங்க பேரைப் போட்டுப் பாருங்க. பாத்த பொறவும் அழிக்கணும்னு தோணுனா நீங்களே அழிச்சிருங்க. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

"ஏன், எனக்குக் காபி கிடைக்காதோ?" அவர் நாற்காலியை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"இப்ப வேண்டாம் சார். நாங்க எல்லாரும் போன பொறவு."

பையை எடுத்துக்கொண்டாள். நம்பிராஜன் திரையை எட்டிப் பார்த்தபடியே நின்றான். "ஏ, நடல, பஸ் போயிரும்," என்று அவனையும் கிளப்பிக்கொண்டு போனாள்.

கதவு சாத்திக்கொண்டது. பஞ்சாபகேசன் தன் பேரை அடித்தார்.

'வாங்க, உட்காருங்க. காபி சாப்பிடறீங்களா?'

இவ்வளவுதானே என்று, அழிப்பதற்காக விரலை நீட்டினார். கீழே இன்னும் சில வரிகள் வந்தன.

'சார், போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கு ரூம் கேட்டு வந்த முகைதீன் என் அண்ணன். இந்த வரி உங்கள் பேருக்கு மட்டும்தான் வரும். வேறு யார் பேரை அடித்தாலும் வராது.'