நாலாவது தடவை செத்தவர்

“நாலாவது தடவையா என்னைக் கொன்னிருக்கா!”

குட்பிரான் போட்ட சத்தத்தில் புத்தகக் கடையின் வரிசை மொத்தமும் திரும்பிப் பார்த்தது. தோளில் பனி, கக்கத்தில் நான்கு நாவல்கள், முகம் பழுத்த தக்காளி.

மறுநாள் ஈஸ்டர் விடுமுறை. பையில் ஆரஞ்சுப் பழமும் ஒரு கொலைக்கதையும் இல்லாமல் நார்வேயில் யாரும் மலைக்குடிலுக்குக் கிளம்ப மாட்டார்கள். தோருன் மேஜை முன் உட்கார்ந்து தன் புது நாவலில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். தலைமையாசிரியராக இருந்த இந்த மகானிடம் பதினொரு வருடம் டீச்சராகக் குப்பை கொட்டிவிட்டு நாவல் எழுத வந்தவள்.

“சரித்திரக் கதையில கப்பல்லேர்ந்து தள்ளினே. விண்வெளிக் கதையில ராக்கெட்டுக்கு வெளியே விட்டே. காதல் கதையில கூடவா ஒரு தலைமையாசிரியர் சாகணும்? இப்ப ஈஸ்டருக்குக் கழுத்தை நெரிச்சுட்டே!”

“கதைக்கு ஒரு சாவு தேவைப்பட்டுது, சார்.”

“நாலுலயும் ஊரே திரண்டு வந்து அழுவுது. மூணு மூணு பக்கம் ஒப்பாரி! எல்லாம் என்னைக் கிண்டல் பண்ணத்தானே?”

தோருன் அடுத்த புத்தகத்தைத் திறந்தாள்.

புதிய விளையாட்டு அரங்குக்குக் குட்பிரான் பெயரை வைப்பதா என்று ஈஸ்டர் முடிந்ததும் நகராட்சி கூடி முடிவு செய்யப்போகிறது. அந்தப் பெயரைச் சிபாரிசு செய்து மனுப் போட்டவரும் அவரேதான். உறுப்பினர்கள் குடிலில் உட்கார்ந்து இதைப் படித்துச் சிரித்துவிட்டு வந்தால் காரியம் கெட்டுவிடும். நகராட்சித் தலைவியே வரிசையில் மூன்றாவது ஆளாக நின்றிருந்தாள்.

“செத்தது குட்பிரான் இல்லேன்னு இதுல எழுது. இப்பவே.” குட்பிரான் புது நாவலை அவள் முன் வைத்தார்.

மறுபேச்சில்லாமல் முதல் பக்கத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டாள். அவர் முகம் மலர்ந்தது. ஆனால் பழக்கம் விடவில்லை. பிள்ளைகளின் கட்டுரையோ டீச்சரின் லீவு லெட்டரோ, ‘காரணம் எங்கே?’ என்று சிவப்பு மையில் கிறுக்கித் திருப்பி அனுப்பியே ஓய்வு பெற்றவர் அவர். அம்மா இறந்த அன்று தோருன் கொடுத்த லெட்டரும் அப்படித்தான் திரும்பி வந்தது.

“காரணம் எங்கே?” என்றார். “அதையும் எழுது. எழுதிட்டு எல்லாருக்கும் கேக்கிற மாதிரி படி.”

“நிச்சயமா படிக்கணுமா, சார்?”

“படிங்கறேன்ல!”

தோருன் இன்னொரு வரி எழுதினாள். எழுந்து நின்று, வகுப்பில் படிப்பதுபோல் நிறுத்தி நிதானமாகப் படித்தாள்.

“செத்தது குட்பிரான் இல்லை. காரணம்: செத்தவருக்காக ஊர் அழுதது.”