தவளையை விழுங்கிய அரணை

"அப்பா, அது இருக்குதே?"

நோர்வேயிலிருந்து ஒவ்வொரு ஞாயிறு பின்னேரமும் அருந்ததி போன் எடுத்தால் முதல் கேள்வி இதுதான். பெற்ற அப்பன் சாப்பிட்டாரா, பிரஷர் குளிசை போட்டாரா என்று ஒரு வார்த்தை கிடையாது.

'அது' என்றால், பஞ்சலிங்கத்தின் வாழைத்தோட்டத்து எருக்குவியலில் குடியிருந்த காலில்லாத அரணை. புத்தூரில் அதைக் கண்டவர்கள் பாம்புக்குட்டி என்றுதான் அடித்துப் போடுவார்கள். பஞ்சலிங்கமும் மண்வெட்டியை ஓங்கியவர்தான். விலங்கியல் படித்த மகள்தான் ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"அடிக்காதேங்கோ அப்பா! வடிவாப் பாருங்கோ, கண்ணை மூடி மூடி முழிக்குது. பாம்புக்கு இமை இல்லை. இது அரணைச் சாதி, கால் மட்டும்தான் இல்லை. வாயைப் பாருங்கோ, நெல்லு மணியளவு. கறையானும் சின்னப் புழுவும்தான் தின்னும்."

அடுத்த வருஷம் அவள் வெளிநாடு போய்விட்டாள். தாயும் காலமாகிவிட்டாள். அவரும் அரணையும் மிஞ்சினார்கள்.

பக்கத்து வளவில் இருந்து சோறு கொண்டுவரும் தங்கை இரத்தினம்மாவுக்கு இது பொறுக்கவில்லை.

"என்ன அண்ணை பிள்ளை வளர்த்தனீங்கள்? தகப்பனை விசாரிக்க மனமில்லை, பூச்சி புழுவை விசாரிக்கிறாள்."

"உனக்கு விளங்காது, நீ பேசாமல் இரு."

உண்மையில் அவருக்கு அது குறையாகவே படவில்லை. முன்பெல்லாம் 'சாப்பிட்டீங்களோ?' என்பாள். 'ஓம், சரி போனை வை பிள்ளை, உனக்கு வேலை கிடக்கும்' என்பார். இரண்டு நிமிஷத்தில் முடிந்துவிடும். வைக்கச் சொன்னதும் அவர்தான், வைத்த பிறகு அந்தப் பட்டன் போனைக் கையில் வைத்துக்கொண்டு ஏங்குவதும் அவர்தான்.

அரணைக் கதை தொடங்கிய பிறகு அரைமணித்தியாலம் போனது.

"கறையான் புத்தைத் தட்டிவிட்டன் பிள்ளை. அது உடனை வரேல்லை. மண்ணுக்குள்ளை அசையாமல் கிடந்து, நிலம் அதிருறதைக் கவனிச்சது."

"பிறகு அப்பா?"

"பிறகு மண்ணுக்குள்ளை நீந்திறமாதிரி வந்து, ஒண்டொண்டாப் பிடிச்சு விழுங்கினது. வயிறு நிறைஞ்சவுடனை ஆளைக் காணேல்லை."

அவள் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே மனுஷன் கிழமை முழுக்க எருவை மூடிக் கிடந்த ஓலையைக் கிளப்பிக் கிளப்பிப் பார்த்தார்.

மாசி மாதம் இரத்தினம்மாவின் கோழி எருவைக் கிளறியது. அரணை வாலை அறுத்துப் போட்டுவிட்டுத் தப்பப் பார்த்தது. கோழி வாலை விட்டுவிட்டு உடலைத்தான் கொத்தியது. பஞ்சலிங்கம் அதை வாழையடியில் புதைத்தார்.

அரணை போனால் அரைமணித்தியாலமும் போய்விடுமே! அந்த ஞாயிறு, அவள் கேட்டதும் பதறிப்போய் அளவுக்கு மிஞ்சி அளந்துவிட்டார்.

"இருக்குதே எண்டு கேக்கிறாய்? இண்டைக்கு ஒரு தவளையையே விழுங்கினது பிள்ளை!"

அதன்பிறகு ஆறு மாதம் போனிலேயே செத்த அரணைக்கு இரை தேடிக் கொடுத்தார். கேட்டுக்கொண்டிருந்த இரத்தினம்மாவுக்கே மனம் பொறுக்கவில்லை.

"தாயில்லாப் பிள்ளையை இப்பிடி ஏமாத்திறது பாவம், அண்ணை. சொல்லிப்போடுங்கோ."

இன்று போன் அடித்தது.

"அப்பா, அது இருக்குதே?"

"இல்லை பிள்ளை. மாசியிலையே செத்துப்போச்சு. இவ்வளவு நாளும் நான் உனக்குப் பொய் சொன்னனான்."

இனி அவள் போனை வைத்துவிடுவாள் என்று பஞ்சலிங்கம் கண்ணை மூடிக்கொண்டார்.

"தெரியும் அப்பா. தவளையை விழுங்கினது எண்டீங்களே, அண்டைக்கே தெரியும். அந்த வாயாலை எப்பிடி விழுங்கும்?"

"பிறகேன் பிள்ளை ஆறு மாசமாக் கேட்டனீ?"

"சாப்பிட்டீங்களோ எண்டு கேட்டால், போனை வைக்கச் சொல்லிப்போடுவீங்கள் அப்பா."