எந்தச் சக்கரம் தள்ளுகிறது

"எந்தச் சக்கரமா? முன்னாடிதாங்க," என்றான் ஒருவழிக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்த இளைஞன். "எஞ்சின் அங்கதானே இருக்கு."

இந்தப் பக்கம் இருட்டறையில் எக்கார்ட் கையிலிருந்த ப்ரெட்செல் ரொட்டியை நசுக்கினார். உப்புக்கற்கள் கால்சட்டையில் உதிர்ந்தன.

இவன் ஐந்தாவது ஆள். ஐந்து பேரும் எக்கார்ட் வடிவமைத்த சிறிய காரைத்தான் வருடக்கணக்கில் ஓட்டுகிறார்கள். அதைத் தள்ளுவது பின்சக்கரங்கள். ஒருவருக்கும் அது தெரியவில்லை. மூன்றாவதாக வந்த கிழவர், "நாலும்தான் சுத்துது, நானே பாத்திருக்கேன்," என்று சத்தியம் செய்யாத குறை.

பக்கத்து நாற்காலியில் உல்ஃப் இன்னும் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். எக்கார்டைவிட வயதில் சின்னவர், ஆனால் இயக்குநர். அடுத்த சிறிய கார் எப்படி இருக்க வேண்டும் என்று திங்கட்கிழமை அவர்தான் முடிவு சொல்லப்போகிறார்.

"விடுங்க எக்கார்ட். இருக்கறதே தெரியாத ஒன்ன எடுத்துட்டா யாருக்கு என்ன போச்சு? முன்சக்கரத்துக்கு மாத்திட்டா பின்சீட்ல உக்கார்றவன் காலாவது நீட்டுவான்."

மாற்றினால் எக்கார்டின் அணி கலைந்துவிடும். வரைபடங்கள் பெட்டிக்குள் போகும். ஞாயிற்றுக்கிழமை என்று பாராமல், கிறிஸ்துமஸ் என்று பாராமல் அவர் பனியில் காரைச் சோதிக்கும் தடங்களில் கிடந்ததெல்லாம் ஒன்றுமில்லாமல் போகும்.

அவர் முழங்கால் தானாக ஆடிக்கொண்டிருந்தது.

கதவு திறந்தது. ஆறாவது ஆள். ஆட்களைப் பிடித்து வருவது வெளி ஏஜென்சி. அவர்கள் பெயரைத் தருவதில்லை, எண்ணை மட்டும்தான் தருவார்கள்.

ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண். ஈரக் குடையை எங்கே வைப்பது என்று தேடினாள்.

எக்கார்டின் முழங்கால் நின்றது.

கேள்வி கேட்கிற பெண் அதே கேள்வியைக் கேட்டாள்.

"பின்னாடி," என்றாள் வந்தவள், யோசிக்காமல். "முன்சக்கரம் திருப்புறதுக்கு. அதையே இழுக்கவும் சொன்னா எப்படி? ஒரே ஆளுக்கு ரெண்டு வேலை குடுத்தா ரெண்டையும் அரைகுறையாத்தான் செய்வான்."

உல்ஃப் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"வளைவுல திரும்பும்போது முதுகுல கை வச்சுத் தள்ளுற மாதிரி இருக்கும்," என்றாள் அவள். "அது இல்லன்னா இந்தக் கார எதுக்கு வாங்கணும்? வேற எத்தனையோ இருக்கே."

உல்ஃப் மெல்ல எக்கார்ட் பக்கம் திரும்பினார். "என்ன எக்கார்ட், இந்தம்மா அப்படியே நீங்க பேசுற மாதிரியே பேசுறாங்களே. நீங்க செட் பண்ண ஆளா?"

"இல்ல."

"தெரிஞ்சவங்களா?"

தெரியும் என்று சொன்னால் ஆறாவது பதில் குப்பைக்குப் போகும். பிறகு ஐந்துதான். ஐந்தில் ஒன்றுகூடப் பின்சக்கரம் இல்லை.

"யாருன்னே தெரியாது," என்றார்.

அந்தப் பக்கம் பேட்டி முடிந்துகொண்டிருந்தது.

"கடைசியா ஒன்னு மேடம். எல்லார்கிட்டயும் கேக்கறதுதான். உங்க வீட்ல யாராவது கார் கம்பெனில வேலை பாக்குறாங்களா? இருந்தா உங்க பதில நாங்க சேத்துக்க முடியாது."

எக்கார்ட் கண்ணாடியை நெருங்கிக் குனிந்தார்.

அவள் கோட்டுப் பொத்தான்களைக் கீழிருந்து ஒவ்வொன்றாகப் போட்டாள். அவசரப்படவில்லை.

"வீட்லயா?" என்றாள். "இல்லம்மா. வீட்ல நான் மட்டும்தான்."

உல்ஃப் எக்கார்டின் தோளில் ஓங்கித் தட்டினார். "செல்லும்! பொழச்சீங்க. இப்படி ஒருத்தர் பேசினா போதும், திங்கட்கிழமை மேல இருக்கறவங்ககிட்ட நான் பேசிக்கறேன்."

எக்கார்ட் தலையாட்டினார். அந்தப் பக்கம் அவள் குடையை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்தினாள்.

இன்றைக்காவது ராத்திரி சாப்பாட்டுக்கு வந்துவிடுவதாகக் காலையில் வீட்டிலிருந்து கிளம்பும்போது அவளிடம்தான் அவர் சொல்லிவிட்டு வந்திருந்தார்.